ஒரு பல் குறைந்த சக்கரம்

தையல் மெஷின் பழுது பார்க்கிறவர் என்று சொன்னால் அந்தத் தெருவில் யாருக்கும் சட்டென்று ஆள் பிடிபடாது. ரீல்காரர் என்றால் போதும், கை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். பழைய தூண்டில் ரீல்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. காயலான் கடை மூலைகளிலும், வீடு காலி செய்கிறவர்கள் ஒதுக்கிப் போட்ட பெட்டிகளிலும் துருவேறிக் கிடப்பதைத் தேடிப் பிடித்து வாங்கி வருவார். பிரிப்பார், கழுவுவார், துடைப்பார், முன்னறையில் கண்ணாடி அலமாரியில் அடுக்குவார். வேடிக்கை என்னவென்றால், பிறந்ததிலிருந்து அவர் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. படகில் ஏறினால் கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"ஊரெல்லாம் ரீலை வெச்சு மீன் பிடிக்குது. எங்க வீட்டுக்காரர் ரீலையே பிடிக்கிறார்" என்பாள் அவர் மனைவி. புதிதாக வருகிறவர்கள் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டால், "பகல்ல மெஷின் ரிப்பேர். சாயந்திரம் ஆனா ரீல் விடுவார்" என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்வாள். ரீல்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர். யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் செய்யும் தவறுகள்தான் கண்டுபிடிக்கக் கடினமானவை.

அன்று மாலை அவர் மேசையில் இருந்தது அவர் வாங்கிய ரீல் இல்லை. அண்ணனுடையது.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். விடுமுறை நாட்களில் அலைத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போடுவார். தம்பியின் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம், "இதென்னடா, ரீலுக்கு ஆஸ்பத்திரி நடத்துறியா? டிஸ்சார்ஜே கிடையாதா?" என்று குத்துவார். இப்போது அவரே படுக்கையில். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றும் எச்சிலும்தான் வருகின்றன, சொல் வருவதில்லை. புத்தி மட்டும் பழைய தெளிவோடு உள்ளே விழித்துக்கொண்டிருந்தது. இடது கையில் பாதி உயிர். அந்தக் கைக்கு எட்டும்படி கட்டிலின் பக்கச் சட்டத்தில் ஒரு பலகையை அடித்து, அதில் அவருடைய பழைய ரீலைப் பொருத்தி வைத்திருந்தாள் அண்ணி. விரலை வைத்து அவர் அதைச் சுற்றிக்கொண்டு கிடப்பார். பாவம், பொழுது போக வேண்டுமே என்றுதான் ரீல்காரர் நினைத்திருந்தார்.

அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தபோது அண்ணி சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, இப்பல்லாம் இது கனமா சுத்துது. அவர் விரல் நோகுது. கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடுத்தீங்கன்னா போதும். ஆனா நாளைக்கே வேணும்."

"எண்ணெய் என்ன அண்ணி, எண்ணெய்! புதுசாக்கிக் கொண்டு வர்றேன் பாருங்க."

"புதுசெல்லாம் வேணாம் தம்பி. சுத்தினா போதும்."

சொன்னது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

ரீலைப் பிரித்தார். உள்ளே அண்ணனின் வருடங்கள் எல்லாம் இருந்தன: உப்பு, மணல், காய்ந்த செதில் ஒன்று, கறுத்துப் பிசினாகிவிட்ட கிரீஸ். பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். பழைய பல் துலக்கும் பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். பித்தளையில் ஏறியிருந்த பச்சைக் களிம்பை வினிகர் தொட்ட துணியால் எடுத்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் வைத்தார். இந்த வேலையில் அவருக்கு ஒரு பிரார்த்தனையின் அமைதி கிடைக்கும். கடவுளே, அண்ணனையும் இப்படிப் பிரித்துக் கழுவி மறுபடி பூட்டிக் கொடுக்க முடியாதா என்று அன்று வாய்விட்டே கேட்டார்.

சக்கரத்தைத் துடைக்கும்போதுதான் பார்த்தார். ரீலைச் சுற்றினால் டிர்ரென்று சத்தம் போடவைக்கும் சின்னப் பல்சக்கரம் அது. பற்களின் மேல் ஒரு பித்தளை நாக்கு உரசி உரசித் தாண்டும். அந்தச் சக்கரத்தில் ஒரு பல் அடியோடு போயிருந்தது. பக்கத்துப் பல்லும் பாதி தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் நாக்கு அந்தப் பள்ளத்தில் டக்கென்று விழுந்து எழும்.

"அடப்பாவமே, பொக்கை வாயோடவா இத்தனை நாள் ஓடிச்சு?" என்றார்.

இதற்கு மாற்றுச் சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே கம்பெனி, அதே அளவு, இன்னொரு ரீலில்தான் இருக்கும். அந்த இன்னொரு ரீல் அவர் அலமாரியில், நடுத்தட்டில் இருந்தது. கறுப்பு ரீல். வருடக்கணக்காக அலைந்து கண்டுபிடித்தது. வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் காட்டுவது. ரீல்காரர் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு எடுத்து, திருப்புளியை வைத்தார்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "அக்கா எண்ணெய் விடத்தானே சொன்னாங்க?"

"நீ சும்மா இரு. என் அண்ணனுக்கு நான் செய்யாம யார் செய்வா?"

கறுப்பு ரீலின் நல்ல சக்கரத்தை அண்ணன் ரீலில் பூட்டினார். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மேலே மெல்லிய கிரீஸ். சுற்றினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது. சத்தம் என்றால் சத்தம்கூட இல்லை, பூனை தூங்கும்போது வருமே, அப்படி ஒரு முனகல். பொக்கைச் சக்கரத்தைப் பழைய இரும்பு போடும் டப்பாவில் போட்டார். மறுநாள் காலையில் தெருவுக்கு வந்த காயலான் வண்டியில் மனைவி அந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். வாராவாரம் நடப்பதுதான்.

அன்றே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் ரீலைப் பலகையில் பூட்டியபோது அண்ணி, "ஐயோ, கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றாள். அண்ணன் விரலை வைத்துச் சுற்றினார். நிறுத்தினார். மறுபடி சுற்றினார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு ரீல்காரர் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. உக்காருங்க, காபி போடுறேன்" என்றாள்.

கறுப்பு ரீலைப் பிரித்ததை ரீல்காரர் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லாமல் கொடுப்பதுதான் கொடை என்று ஒரு சின்னக் கர்வம். மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் வந்தது.

ரீல்காரரும் மனைவியும் ஓடினார்கள். புருவத்தில் தையல் போட்டுக் கட்டியிருந்தது. கன்னம் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். தம்பி கூப்பிட்டும் திரும்பவில்லை.

"எப்படி அண்ணி விழுந்தார்?"

"நான் பின்பக்கம் துணி காயப் போட்டுட்டு இருந்தேன். பாத்ரூம் போகணும்னு தானா எந்திரிக்கப் பார்த்திருக்கார்." அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வந்து பார்த்தா தரையில..."

"உங்களைக் கூப்பிட்டிருக்கலாமே. மணி ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே?"

"அதை அன்னிக்கே தள்ளி விட்டுட்டார். பெண்டாட்டியை மணியடிச்சா கூப்பிடுவாருன்னு ரோஷம்."

"அப்ப எப்படித்தான் கூப்பிடுவார்?"

அண்ணியின் கண் ஒரு நொடி பலகைக்குப் போய்த் திரும்பியது. கடையில் முகம் பார்த்து வியாபாரம் செய்கிறவர் இல்லை ரீல்காரர், ஆனால் அந்த ஒரு நொடியை அவர் தவறவிடவில்லை. ரீலைப் பார்த்தார். அதன் மேல் மெல்லிய தூசி படிந்திருந்தது.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க."

"விடுங்க தம்பி."

"அக்கா, சொல்லிருங்க. இல்லன்னா இவர் தூங்க மாட்டார்" என்றாள் மனைவி.

அண்ணி அவர்களை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆரம்பத்துல பொழுது போகட்டும்னுதான் அந்த ரீலைக் குடுத்தேன். சுத்திட்டுக் கிடந்தார். ஒரு சுத்துக்கு ஒரு தடவை டக்குன்னு கேக்கும். ஒரு நாள் ஒரே ஒரு டக்தான் கேட்டுச்சு. போய்ப் பார்த்தா தண்ணி செம்பையே பார்த்துட்டு இருக்கார். அப்படியே பழகிடுச்சு. ஒண்ணுன்னா தண்ணி. ரெண்டுன்னா புரட்டிப் படுக்க வைக்கணும். மூணுன்னா பாத்ரூம். நாலுன்னா..." அவள் லேசாக வெட்கப்பட்டாள். "ஒண்ணுமில்ல. சும்மா வந்து பக்கத்துல உக்காருன்னு. அந்த டக் சத்தம் துணி காயப் போடுற இடம் வரைக்கும் கேக்கும். இப்ப ஒரே இழுப்பா ஓடுது. எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு தெரியல. மூணு சுத்தினார்னா நான் தண்ணியோட போய் நிக்கிறேன். பின்பக்கம் இருந்தா அதுகூடக் கேக்கறதில்ல. அன்னிக்கு எத்தனை தடவை கூப்பிட்டாரோ. விழுந்ததிலேர்ந்து அதைத் தொடவே மாட்டேங்கிறார். தாகம் எடுத்தாலும் அப்படியே கிடக்கிறார். உதடு வெடிச்சிருச்சு, பார்த்தீங்களா?"

அண்ணனுக்கு மிச்சம் இருந்த பேச்சை, மினுக்கித் துடைத்து, எண்ணெய் போட்டு, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் ரீல்காரர்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீங்க எவ்வளவு ஆசையா செஞ்சு கொண்டு வந்தீங்க. எந்த வாயால சொல்றது?"

அவள் அன்பினால் வாயை மூடிக்கொண்டாள். இவர் அன்பினால் காதை மூடிக்கொண்டார். இரண்டு அன்புக்கும் நடுவில் ஒரு மனிதர் தாகத்தோடு கிடந்தார்.

திரும்பி வரும் வழியில் ரீல்காரர் காயலான் கடைக்குப் போனார். அந்த வாரச் சரக்கு உருக்குவதற்குப் போய்விட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"திட்டணும்னா திட்டு" என்றார்.

"நான் எதுக்குத் திட்டணும்? அதுக்கு உரிமைப்பட்டவர் அங்க படுத்திருக்கார்." பிறகு அவள் குரல் இளகியது. "பழசு போனா என்ன? அதே மாதிரி பொக்கை பண்ண முடியாதா?"

ரீல்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சேகரிக்கிறவர்கள் நடுவில் இப்படி ஒருவர் சொன்னால் அடிக்க வருவார்கள். முழுசாக இருக்கும் ஒரு பழைய சக்கரத்தில் வேண்டுமென்றே அரம் வைப்பதா? கோயில் விளக்கை ஊதி அணைக்கிற பாவம் அது அவர்களுக்கு. போன வாரம் வரை அவருக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலை கருவிப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பெட்டியைத் திறந்தார்.

"அண்ணா, சரி பண்ணினதைக் கெடுக்க வந்திருக்கேன்."

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

ரீலைக் கழற்றி, சக்கரத்தை எடுத்து, சின்னக் கை இடுக்கியில் பிடித்தார். அரத்தை வைத்தார். சத்தியமாகச் சொன்னால், அந்த முதல் உரசலில் அவருக்கு வலித்தது. கறுப்பு ரீல் இனி எந்நாளும் ஊமைதான். பித்தளைப் பொடி மடியில் மினுமினுவென்று உதிர்ந்தது. ஒரு பல் போனது. பூட்டி, பலகையில் வைத்துச் சுற்றினார்.

"அண்ணி! கேக்குதா?"

பின்பக்கத்துத் துணிக்கொடியடியிலிருந்து குரல் வந்தது: "கேக்கல தம்பி!"

மறுபடி கழற்றினார். பக்கத்துப் பல்லைப் பாதிக்குக் கரைத்தார். கிரீஸை வழித்து எறிந்தார்.

"இப்ப?"

"லேசா கேக்குது! ஆனா பழசு இன்னும் கொஞ்சம் கரகரன்னு, தொண்டை கட்டின மாதிரி இருக்கும்!"

பித்தளை நாக்கை நிமிர்த்தி, அதன் நுனியைக் கொஞ்சம் கூராக்கினார். சுற்றினார். டிர்ர்ர், டக்.

"தண்ணி!" என்று கத்தினாள் அண்ணி.

டக், டக்.

"புரட்டணும்!"

டக், டக், டக்.

"அதை இந்தத் தெருவுக்கே கேக்கிற மாதிரி என்னால சொல்ல முடியாது தம்பி!"

ரீல்காரருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனும் சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். இல்லை. கண் சுவரிலேயே இருந்தது.

அண்ணி ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

"பழைய சத்தம்தானா அண்ணி?"

அவள் யோசித்தாள். "பழசு இல்ல. ஆனா புரியும்."

"அண்ணா, ஒரே ஒரு தடவை சுத்திப் பாருங்கண்ணா" என்றார் ரீல்காரர். இடது கையை மெல்ல எடுத்து ரீலின் மேல் வைத்தார். வைத்த கை வைத்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வழுக்கிப் படுக்கையில் விழுந்தது.

இருவரும் அடுப்படிக்கு வந்தார்கள். அண்ணி வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். ரீல்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து தன் விரலிடுக்கில் இருந்த பித்தளைப் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சக்கரத்தைச் சரிசெய்துவிடலாம், கெடுத்தும்விடலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல் தரையில் விழுந்து கிடந்த மனிதருக்கு, இனிமேல் கூப்பிட்டால் வருவார்கள் என்ற நம்பிக்கையை எந்த அரத்தால் செதுக்குவது?

"இனிமே சுத்த மாட்டாரோ அண்ணி?"

"தெரியல தம்பி."

"நான் நல்லதுதான் நினைச்சேன்."

"எனக்குத் தெரியாதா?"

"கேக்கத்தான் இல்ல." விரலைத் தட்டிப் பொடியை உதறினார். "சுத்தினா போதும்னு நீங்க அவ்வளவு தெளிவா சொன்னீங்க."

அண்ணி உரித்த வெங்காயங்களில் பாதியை அவர் பக்கம் நகர்த்தி, ஒரு கத்தியையும் வைத்தாள். கை சும்மா இருந்தால் மனம் இன்னும் அறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரீல்காரர் நறுக்கினார். நறுக்கிக்கொண்டே உள்ளுக்குள் கும்பிட்டார். அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை கடவுளே. அவருக்குத் தாகம் எடுத்தால் ஒரு தடவை சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அடுப்பில் குழம்பு கொதித்தது. அண்ணி தீயைக் குறைத்தாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

டிர்ர்ர், டக்.

ரீல்காரரின் கத்தி நின்றது. அண்ணி செம்பை எடுக்கக் கை நீட்டினாள்.

டக்.

"ரெண்டு" என்று உதட்டால் சொன்னாள். செம்பை விட்டாள்.

டக். டக்.

"நாலு" என்றாள். கண் விரிந்தது.

டக். டக். டக். நிற்கவில்லை. வேகமாக, பிறகு இன்னும் வேகமாக, விரல் களைத்து ஒரு இடைவெளி விட்டு, மறுபடி டக், டக், டக்.

ரீல்காரர் பதறி எழுந்தார். "என்ன அண்ணி? என்ன கேக்கிறார்? மூச்சுக் கீச்சு வாங்குதா?"

அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். காது கொடுத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலர்ந்தது. கண்ணீரும் கூடவே வந்தது.

"ஒண்ணும் கேக்கல தம்பி. திட்டுறார்."

"திட்டுறாரா?"

"ஒரு நாள் மாத்திரை குடுக்க மறந்துட்டேன். அன்னிக்கு எனக்கு இப்படித்தான் விழுந்துச்சு. இது உங்களுக்கு. போய் வாங்கிக்குங்க, போங்க."

ரீல்காரர் போய்க் கட்டில் அருகே நின்றார். அண்ணன் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பியிருந்தார். தையல் போட்ட புருவத்துக்குக் கீழே கண் அவர் மேல் பதிந்திருந்தது. விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டக்கும் முகத்தில் அறைந்தது. இதை என்னைக் கேட்டியாடா. டக். உன் மினுக்கலும் நீயும். டக். தரையில கிடந்தேன்டா, நாய் மாதிரி. டக். ரீல்காரர் தலையைக் குனிந்து நின்றார். காரணம் சொல்லவில்லை, சமாதானம் சொல்லவில்லை. அவர் காதில் பட்ட சத்தங்களிலேயே இதைப் போல இனிமையானதும் இதைப் போல வலித்ததும் வேறு இல்லை.

கடைசியில் விரல் ஓய்ந்தது. அண்ணன் மூச்சு வாங்கினார். வெடித்த உதட்டை நாக்கால் தடவ முயன்றார், முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல் மெதுவாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அண்ணி வாசற்படியிலேயே நின்று செம்பையும் டம்ளரையும் நீட்டினாள். "நீங்களே குடுங்க."

ரீல்காரருக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அவர் அதைச் செய்ததில்லை. அவசரமாக ஊற்றினார். பாதித் தண்ணீர் வலது கடைவாய் வழியாக வழிந்து சட்டையை நனைத்தது. தோள்துண்டால் துடைத்தார்.

"போதுமாண்ணா? இன்னும் வேணுமா? இப்படி ஊத்தினா சரியா, இல்ல தலையைத் தூக்கிப் பிடிக்கணுமா?"

அண்ணன் ஒரு கணம் அவரையே பார்த்தார். கேள்வி கேட்கும் தம்பியை இப்போதுதான் பார்க்கிறவர் போல. தலையை இடது பக்கம் ஒரு விரற்கடை சாய்த்துக் காட்டினார். விரல் ரீலைத் தேடிப் போனது.

டக்.

ரீல்காரர் டம்ளரை மறுபடி நிரப்பி, இந்த முறை இடது பக்கமாகச் சாய்த்தார்.